மாத்திரை பெட்டியில ஏறிடுச்சு... பாலிசியில ஏறுச்சா? - பீளமேடு ஏர்போர்ட் வாசலில் கேட்ட கதை

கோவை அவினாசி சாலையில் டவுன் பஸ்ஸில் போனால், ஹோப் காலேஜ் தாண்டியதும் "சித்ரா எல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். வெளியூர்க்காரர்களுக்கு, யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார் என்றுதான் தோன்றும். 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'சிட்ரா'. அதுதான் ஊர் வாயில் 'சித்ரா' ஆகிவிட்டது. பீளமேடு விமான நிலையத்துக்குத் திரும்புவதும் இங்கேதான்.

இந்த நிறுத்தத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நகரத்துப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் பி.எஸ்.ஜி. மருத்துவமனை. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கே.எம்.சி.எச். நடுவில் 1940-ல் உருவான விமான நிலையம். போன மாதம் செக்கப்புக்காக இந்தச் சாலைக்கு வந்தவர், இந்த மாதம் பெட்டி படுக்கையோடு அதே சாலையில் வந்து இறங்குவதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபிக்கு இங்கிருந்தே நேரடி விமானம் உண்டு. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா போகிறவர்கள் இங்கே ஏறி, வழியில் விமானம் மாறிப் போகிறார்கள். புறப்பாடு வாசலில் அரை மணி நேரம் நின்றாலே போதும், கொங்கு நாட்டின் பாதி ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்துவிடும். சேலைக்குக் கீழே புத்தம்புது ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள். எடை போடும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று கவலைப்படும் அப்பாக்கள். உள்ளே முறுக்கு, பருப்புப்பொடி, நாட்டுச்சர்க்கரை, பிரசவ லேகியம். இவற்றோடு கட்டாயம் இன்னொரு பையும் இருக்கும். ஆறு மாதத்துக்கான மாத்திரைப் பை!

"புள்ளைகிட்டயே சொல்லலீங்க!"

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போகிறார். முதல் விமானப் பயணம்.

"சுகருக்கு ஒண்ணு, பிரசருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ராத்திரி ஒண்ணு. அவ்வளவுதானுங் கண்ணு. நோயின்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்லீங்" என்றார் சிரித்துக்கொண்டே.

"டிராவல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கீங்களாம்மா?"

"அதெல்லாம் மாப்ள அங்கிருந்தே போட்டுட்டாருங்."

"இந்த மாத்திரையெல்லாம் அதுல எழுதியிருக்காங்களா?"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாத்திரை போடறதே அவருக்குத் தெரியாதே சாமி! புள்ளைகிட்டயே இன்னும் சொல்லல. வயித்துப் புள்ளக்காரி. அவள எதுக்கு வெசனப்பட வைக்கோணும்?"

பயணக் காப்பீட்டில் இருக்கும் பெரிய ஓட்டை இந்த ஒரு பதிலில் இருக்கிறது. மாத்திரை போடுகிறவர் ஒருவர். விண்ணப்பம் நிரப்புகிறவர் வேறொருவர். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பெற்றோர் சொல்வதில்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் கேட்பதில்லை. 'ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு செல்போனில் 'இல்லை' என்று தொட ஒரு நொடிகூட ஆகாது. அந்த ஒரு தொடுதலை வைத்தே பின்னால் க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

'முன்பே இருக்கும் நோய்' என்றால் எது?

இன்ஷூரன்ஸ் மொழியில் 'முன்பே இருக்கும் நோய்' என்பதைக் கேட்டால் புற்றுநோய், பைபாஸ் என்று பெரிய பெரிய விஷயங்கள்தான் நம் மனதில் வருகின்றன. உண்மையில், பாலிசி எடுப்பதற்கு முன்பே டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ கொடுத்த எந்தக் கோளாறும் இதில் வந்துவிடும். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும், தினமும் அரை மாத்திரையில் அடங்கிவிடும் ரத்த அழுத்தமும், தைராய்டும், மூட்டு வலிக்கான தொடர் சிகிச்சையும் இதில் சேரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமார் 31.5 கோடி பேர். ஆக, 'முன்பே இருக்கும் நோய்' என்பது எங்கோ யாருக்கோ இருப்பதல்ல; அநேகமாக எல்லா வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் ஒரு மாத்திரை டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதே, அதை எழுத வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கட்டாயம் எழுத வேண்டும். மாத்திரை காசு கொடுத்து வாங்கியதா, இலவசமாக வந்ததா என்பது கணக்கில்லை. எந்த நோய்க்கு வந்தது என்பதுதான் கணக்கு.

மூன்று வகை பாலிசி

ஹோப் காலேஜ் பக்கம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கும் ஒரு அண்ணனைப் பார்த்தேன். டிக்கெட் புக் செய்யும்போதே 'கூடவே இன்ஷூரன்ஸ் வேண்டுமா' என்று வரும் கட்டத்தை 'டிக்' செய்துவிட்டு, 'எல்லாம் கவர் ஆயிடுச்சு' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். "வாங்கறவங்க மொதல்ல 'எவ்வளவுங்க?'ன்னுதான் கேக்கறாங்க. 'என் நோய்க்கு என்னங்க?'ன்னு கேக்கறவங்க கம்மி" என்றார். அவர் விளக்கியதைச் சுருக்கினால், சந்தையில் உள்ள பயண பாலிசிகள், ஏற்கெனவே இருக்கும் நோயை மூன்று விதமாக நடத்துகின்றன.

முதல் வகை, அந்த நோயாலும் அதன் விளைவாலும் வரும் எந்தச் செலவையும் தராது. காலில் அடிபட்டால் தரும். சர்க்கரையால் காலில் புண் வந்தால் தராது.

இரண்டாவது வகை, உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மட்டும் தரும். அதுவும் உடல்நிலை ஓரளவு சீராகும் வரை. அதற்கென்று தனி வரம்பும் இருக்கும். உதாரணத்துக்கு, பாலிசியின் முதல் பக்கத்தில் 50,000 டாலர் என்று இருக்கும். உள்ளே, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் விற்கப்படும் வருகையாளர் பாலிசிகளில் 'திடீரெனத் தீவிரமடைந்தால் மட்டும்' என்ற நிபந்தனை பரவலாக உண்டு. மெல்ல மெல்ல மோசமானால் அது 'திடீர்' கணக்கில் வராது.

மூன்றாவது வகை, நோயை முன்கூட்டியே கேட்டு, தேவைப்பட்டால் பரிசோதனையும் செய்து, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். விலை அதிகம்தான். ஆனால் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

60 வயது தாண்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் அறை வாடகை, ஐ.சி.யூ., அறுவை சிகிச்சை நிபுணர் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கும். மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் கைக்கு வருவது வரம்புக்கு உட்பட்டதுதான்.

'நாங்கதான் வருஷா வருஷம் ஹெல்த் பாலிசி கட்டறமே' என்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 4 ஆண்டுகளாக இருந்ததை, 2024 ஏப்ரலில் 3 ஆண்டுகளாகக் குறைத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நல்ல செய்திதான். ஆனால் அது வருடாந்திர ஹெல்த் பாலிசிக்கு. அந்த பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பார்க்கும் சிகிச்சைக்கு மட்டுமே. ஆறு மாதம் வெளிநாடு போய்வரும் பயண பாலிசிக்கு அதன் சொந்த விதிமுறைகள்தான் பேசும்.

ஒரு மாத்திரையும் 12 வருட வழக்கும்

மாத்திரையை எழுதுவது இவ்வளவு முக்கியமா என்று தோன்றினால், உச்ச நீதிமன்றம் வரை போன இந்த வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2009-ல் ஒருவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவில் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்துக்கொண்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அமெரிக்கா போனார். சர்க்கரை நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடம்பு தளர்ந்து வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள்.

நிறுவனம் பணம் தர மறுத்தது. சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் ஏற்கெனவே இருந்தவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டதை அவர் தெரிவிக்கவில்லை என்பது வாதம். தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவர் தோற்றார். கடைசியில் 2021 டிசம்பர் 6-ம் தேதி, நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், பி.வி.நாகரத்னா அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொல்லப்பட்ட நோயைத் தெரிந்துகொண்டு, உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அவரைக் காப்பாற்றியது, சர்க்கரை நோயை மறைக்காமல் சொன்னது. அவரை 12 வருடம் அலையவிட்ட வாதங்களில் ஒன்று, பெயர் வராத ஒரு மாத்திரை.

மறுபக்கமும் உண்டு. அதே 2009-ல் வந்த இன்னொரு தீர்ப்பில், நாள்பட்ட சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்ததை மறைத்து உள்நாட்டு மெடிக்ளெய்ம் எடுத்தவருக்காகக் கேட்கப்பட்ட பணத்தை மறுத்தது சரியே என்று சொன்னது உச்ச நீதிமன்றம். 'கேட்டதற்கு உண்மை சொல்' என்பதுதான் இரண்டு தீர்ப்புகளும் நமக்குச் சொல்லும் பாடம்.

மறைத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பதும் வீண். பெரிய தொகைக்கு க்ளெய்ம் போகும்போது, இங்கே சிகிச்சை பார்த்த டாக்டரின் பழைய குறிப்புகளை நிறுவனம் கேட்கும். வெளிநாட்டு அவசரப் பிரிவில் 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டு எழுதிக்கொள்வதும் ஃபைலில் இருக்கும். அங்கே பொய் சொன்னால் உயிருக்கு ஆபத்து. இங்கே பொய் சொன்னால் பணத்துக்கு ஆபத்து.

எந்த நாட்டுக்கு என்ன?

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா வாங்க, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால், ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவைத்த பாலிசியைக் காட்டியும் விசா வாங்கிவிடலாம். விசாவுக்குப் போதுமான பாலிசி உங்கள் உடம்புக்கும் போதுமானதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் 'சூப்பர் விசா'வில் போகும் பெற்றோருக்கு, குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருடக் காப்பீடு கட்டாயம். அங்கு விற்கும் பல பாலிசிகளில் 'நோய் நிலையாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை உண்டு. 90 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும் அந்தக் காலத்துக்குள் மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டியிருந்தாலோ, புது மாத்திரை சேர்த்திருந்தாலோ 'நிலையாக இல்லை' என்று ஆகிவிடலாம். ஆகவே, ஊருக்குப் போகிற வாரத்தில் அவசரமாக மாஸ்டர் செக்கப் செய்வதைவிட, பயணம் முடிவானதுமே செய்து, மாற்ற வேண்டியதை முன்பே மாற்றிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவுக்கு சுற்றுலா விசாவில் போகக் காப்பீடு கட்டாயமில்லை. அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து உடல்நிலையைச் சீராக்க வேண்டும், பணமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று அங்கே 1986 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு பில் வருவதை அந்தச் சட்டம் தடுக்காது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்க்கக் கட்டணமில்லை. வார்டில் சேர்த்துவிட்டால், வெளிநாட்டு வருகையாளருக்கு வழக்கமான கட்டணத்தில் 150 சதவிகிதம் வரை கேட்பார்கள்.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள்

பி.எஸ்.ஜி. பக்கம் மருந்துக்கடைகளில் 'ஆறு மாசத்துக்குக் கொடுங்க, ஊருக்குப் போறோம்' என்று மொத்தமாக மாத்திரை வாங்குபவர்களைப் பார்க்கலாம். மாத்திரையோடு ஒரு தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன நோய், எத்தனை ஆண்டாக, என்ன மாத்திரை, என்ன அளவு, எதற்கு அலர்ஜி, பயணம் செய்யலாமா... இவ்வளவும் ஒரே பக்கத்தில், ஆங்கிலத்தில், டாக்டரின் கையெழுத்தோடு. மாத்திரையின் கம்பெனிப் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. நகலும் கூடவே இருக்கட்டும். பாலிசி விண்ணப்பத்தை நிரப்பவும் இந்தத் தாளே போதும்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் போகும் இன்சுலின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். டிராமடால், கோடீன் போன்ற மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு; முன் அனுமதி பெறாமல் கொண்டுபோகாதீர்கள். சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவம் தேவையா என்று டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 'பயணம் வேண்டாம்' என்று டாக்டர் சொன்ன பிறகு போனால் பெரும்பாலான பாலிசிகள் கைகொடுக்காது.

அங்கே உடம்புக்கு முடியாமல் போனால், பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். அந்த எண் பேரன் போனில் மட்டும் இருந்தால் போதாது. அம்மாவின் பர்ஸிலும் ஒரு சீட்டில் இருக்க வேண்டும். தங்கும் நாளை நீட்டிப்பதாக இருந்தால், பாலிசி முடிவதற்கு முன்பே நீட்டியுங்கள். முதல் மூன்று மாதத்தில் வந்த நோய், புது பாலிசி எடுக்கும்போது 'முன்பே இருக்கும் நோய்' ஆகிவிடும்.

இந்திய நிறுவனத்தின் பாலிசியில் க்ளெய்ம் மறுக்கப்பட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

பூளைப்பூவும் காப்பும்

பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். பூளைச் செடி மண்டிக் கிடந்த மேடு. பொங்கலுக்கு முந்தைய நாள், கொங்கு நாட்டு வீடுகளில் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவார்கள். அதற்குப் பெயர் 'காப்புக் கட்டு'. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தனித்தனியாகக் கட்டுவார்கள். ஓர் இடத்தை விட்டுவிட்டால், 'அங்க கட்டுனியா?' என்று பாட்டி கேட்டுக் கட்ட வைத்துவிடுவார்.

காப்பீட்டிலும் அந்தப் பாட்டியின் கேள்விதான் தேவைப்படுகிறது. சுகருக்குக் கட்டினாயா? பிரசருக்குக் கட்டினாயா? ராத்திரி போடும் அந்தக் கொழுப்பு மாத்திரைக்கு?

பொள்ளாச்சி அம்மாவுக்கு உள்ளே போக இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். "மூணு அட்டையையும் போட்டோ எடுத்து மாப்ளைக்கு அனுப்பீரு கண்ணு. நானே சொல்லிக்கறேன்." அனுப்பினேன். விமானம் கிளம்பும் முன்பே திருத்தம் செய்ய முடியுமா என்று அவர் நிறுவனத்திடம் கேட்கப் போவதாக மறுமுனையில் சொன்னார்.

இதைப் படிக்கும் நீங்கள் மகனோ மகளோ என்றால், இன்று ராத்திரி பேசும்போது 'சாப்ட்டியாம்மா?' என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள். "என்னென்ன மாத்திரை போடறே? அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு." நீங்கள் அம்மாவோ அப்பாவோ என்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.